எமிலியோ லுஸ்ஸு யார்? பாசிசத்தை எப்படி எதிர்த்தார்?

இத்தாலியின் சார்டினியத் தீவிலுள்ள அர்முஞ்சியா கிராமத்தில் 1890-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் சஸ்ஸாரி படைப்பிரிவு அதிகாரி. போர் முடிந்ததும், திரும்பிவந்த விவசாயிகளோடு சேர்ந்து 1921-ல் சார்டினிய செயல் கட்சியைத் தொடங்கி, அதே ஆண்டு நாடாளுமன்றம் போனார்.

1926 அக்டோபர் 31 இரவு, சார்டினியாவின் தலைநகர் கல்யாரியில் அவர் வீட்டைப் பாசிசக் கும்பல் சூழ்ந்தது. பால்கனி வழியாக ஏறிவந்த ஒருவனை லுஸ்ஸு சுட்டார்; அவன் இறந்தான். தற்காப்பு என்று நீதிமன்றம் விடுவித்தும் அரசு விடவில்லை. லிபாரி தீவில் ஐந்தாண்டுக் காவலுக்கு அனுப்பியது. 1929 ஜூலையில் அங்கே காவலிலிருந்த பாசிச எதிர்ப்பாளர்கள் கார்லோ ரோசெல்லி, ஃபாஸ்டோ நிட்டி இருவரோடும் இருட்டில் மோட்டார் படகேறி துனிசியா போய், அங்கிருந்து பாரிஸ் சேர்ந்தார். அங்கே ‘நீதியும் சுதந்திரமும்’ என்ற பாசிச எதிர்ப்பு இயக்கம் பிறந்தது.

அவர் எழுத்தையும் அவசியம் படியுங்கள். 1938-ல் வந்த ‘பீடபூமியில் ஓராண்டு’ என்ற போர் நினைவுநூலில் ஒரு காட்சி என்னை இன்னும் விடவில்லை. விடிகாலை, எதிரே பதுங்குகுழியில் ஓர் ஆஸ்திரிய அதிகாரி சிகரெட் பற்றவைக்கிறார். துப்பாக்கியைக் குறிவைத்திருக்கும் லுஸ்ஸுவுக்கும் புகைக்கத் தோன்றுகிறது. அவ்வளவுதான், விசையை இழுக்க முடியவில்லை. எதிரே இருப்பது ஒரு மனிதன். பக்கத்திலிருந்த கார்ப்பரலிடம் துப்பாக்கியை நீட்டுகிறார்; அவரும் மறுக்கிறார். பால்கனியில் சுட்டவரும் இவரேதான். அவரைக் கோழை என்றோ, ரத்தவெறியர் என்றோ யாரும் சொல்ல முடியாது.

முசோலினி வீழ்ந்தபின், 1945-ல் பிரதமர் ஃபெருச்சோ பாரியின் அமைச்சரவையில் அமைச்சரானார். அரசியல் நிர்ணய சபையிலும் பிறகு செனட்டிலும் இருந்தார். 1975-ல் ரோமில் காலமானார்.