ஒரு பிரேமுக்கு ஓர் ஏலியன்: வாத்தியார் பதில்கள்

ஐயா, காரைக்குடியில் பாலிடெக்னிக் படிக்கிறேன். லேபில் 8085 மைக்ரோபிராசஸர் சிப் பொருத்திய பயிற்சிக் கிட்டில் இரண்டு எண்களைக் கூட்டுவதோடு சரி. அந்தக் காலத்து வீடியோ கேம்களைச் சிப்பின் கட்டளைகளையே நேராக எழுதும் அசெம்ப்ளி மொழியில்தான் எழுதினார்களாமே, நிஜமா?
– மாணவர், தேவகோட்டை

நிஜம்தான் தம்பி. 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய, ஏலியன் கூட்டத்தைச் சுட்டு வீழ்த்தும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டு ஓடியது இன்டெல் 8080 சிப்பில். 8085 அதன் பங்காளி. நீங்கள் லேபில் அடிக்கிற எம்விஐ, எல்எக்ஸ்ஐ கட்டளைகள் எல்லாம் அந்த விளையாட்டின் 8 கேபி ரோமுக்குள் (புரோகிராம் பதிந்த நிரந்தர மெமரி) இருக்கின்றன.

ஒரு கணக்குப் போடுங்கள். சிப்பின் கிளாக் 2 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 லட்சம் துடிப்பு (சைக்கிள்); திரை நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம். ஆக, ஒரு பிரேமுக்குச் சுமார் 33,000 கிளாக் சைக்கிள். திரைக்கான மெமரி 7 கேபி. ஒரு பைட்டை (8 பிட்) எழுதி அடுத்த இடத்துக்கு நகரவே 12 சைக்கிள் போய்விடும். பெருக்கிப் பாருங்கள், முழுத் திரையையும் ஒரு பிரேமில் வரைய வழியே இல்லை.

அதனால் 55 ஏலியன்களையும் சேர்த்து நகர்த்தாமல், பிரேமுக்கு ஒன்றாக நகர்த்தினார்கள். எல்லாம் உயிரோடு இருக்கையில் கூட்டம் ஓரடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி. சுடச்சுட எண்ணிக்கை குறையும், நடை கூடும். கடைசி ஒன்று நொடிக்கு 60 அடி பாயும்! விளையாடுகிறவர் நெஞ்சு படபடப்பது இந்த வகுத்தல் கணக்கால்தான். எனக்கு இதைவிட அழகான புரோகிராம் பாடம் தெரியாது.

இன்னொன்று. 8080 ஒரு கட்டளைக்கு ஒரு பிட்தான் நகர்த்தும். படத்தை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்த அது போதாது. எனவே போர்டிலேயே தனி ஷிப்ட் சர்க்யூட் வைத்தார்கள்: 4-ஆம் போர்ட்டில் (சிப் வெளிச் சர்க்யூட்டோடு பேசும் வாசல்) பைட்டைக் கொடு, 2-ஆம் போர்ட்டில் எத்தனை பிட் என்று சொல், 3-ஆம் போர்ட்டில் விடையை வாங்கிக்கொள்.

உங்கள் கிட்டின் டிஸ்ப்ளேயில் ஒரு சிறு கோடு இடமிருந்து வலமாக ஓடும்படி செய்யுங்கள். டிலே லூப்பை (சிப்பைக் காக்கவைக்கும் சுற்று) மாற்றி வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். லேப் சாரிடம் கேட்டால் மறுக்கமாட்டார்.

பந்தைத் தட்டிப் பாயின்ட் எடுக்கும் பின்பால் மேஜைக்குள்ளும் புரோகிராம் உண்டா?
– வாசகி, கானாடுகாத்தான்

1970-களின் பிற்பகுதியிலிருந்து உண்டு அம்மா, அதற்கு முன் ரிலேக்கள்தான் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்). வில்லியம்ஸ் மேஜைகளில் மோட்டோரோலா 6800 குடும்பத்து சிப். 64 ஸ்விட்சுகளுக்குத் தனித்தனி கம்பி இழுக்காமல், 8 பத்தி, 8 வரிசையாகக் கட்டி 16 கம்பியில் முடித்தார்கள். பந்து ஒரு ஸ்விட்சைக் கண்ணிமைக்கும் நேரம்தான் தொடும். அதற்குள் புரோகிராம் எல்லாப் பத்திகளையும் சுற்றிவந்து பார்த்தாக வேண்டும், இல்லையேல் பாயின்ட் போயிற்று. குறித்த இடைவெளியில் சிப்பை அழைக்கும் டைமர் இன்டரப்ட் வந்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஸ்விட்சைப் பார்க்க ஓடுவது அதற்காகத்தான்.