அமெரிக்கக் கார்ட்டூனும் ஜப்பானிய அனிமேவும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

வரையும் பாணியைவிட, யாருக்காக எடுத்தார்கள் என்பதே முக்கியக் காரணம் என்பேன். 1940-இல் தொடங்கிய டாம் அண்டு ஜெர்ரி, திரையரங்கில் முழுநீளப் படத்துடன் சேர்த்துக் காட்டப்பட்ட குறும்படம். மேடைக் கோமாளிக் கூத்தின் வாரிசான அதற்கு அடி, துரத்தல், சிரிப்பு போதும். பிறகு தொலைக்காட்சியில் சனிக்கிழமைக் காலைகள் குழந்தைகளுக்கென்றே ஆகிவிட, கார்ட்டூன் சிறுவர் சமாச்சாரம் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

ஜப்பானிலோ பெரியவர்களும் மாங்கா எனும் படக்கதைகளைப் படிப்பார்கள். பல அனிமே தொடர்கள் அவற்றிலிருந்தே பிறந்ததால் சாவும் போரும் தனிமையும் கதைக்குள் இயல்பாக வந்தன.

ஜப்பானிய இயக்குநர் மியாசாகி 1988-இல் எடுத்த டோட்டோரோ படத்தின் பேருந்து நிறுத்தக் காட்சியை அவசியம் பாருங்கள். மழையில், தூங்கும் தங்கையை முதுகில் சுமந்தபடி அப்பாவுக்காக அக்கா காத்திருக்கிறாள். பக்கத்தில் வந்து நிற்கும் டோட்டோரோ என்ற பெரிய மாய உயிர், குடைமேல் துளிகள் விழும் ஓசையில் சொக்கிப்போகிறது. காட்சிக்கு அவசரமே இல்லை. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத இடம் எனக்கு! டோட்டோரோ வாழும் கற்பூர மரத்தில் ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோவின் வழக்கப்படி புனிதக் கயிறு கட்டியிருக்கும். அப்பா அதற்குத் தலைவணங்கி நன்றி சொல்வார். மரத்திலும் தெய்வம் உறையும் என்ற நம்பிக்கைதான் அந்தப் படத்தின் நிதானத்துக்கு ஊற்று.