கேஸ் ஷீட்டில் ஒரு சிவப்பு வட்டம்

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துக் கட்டிலில் பார்த்ததை எழுதியிருந்தீர்கள். எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண்ணின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள், ஆபரேஷனுக்குக் கடைசி ஆளாகத் தள்ளினார்கள், இது தீண்டாமை என்று. நான் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் வார்டிலும் அந்த வட்டம் உண்டு. யாரையும் அவமானப்படுத்த அதைப் போடுவதில்லை. நைட் டூட்டியில் 40 நோயாளிகளுக்கு இரண்டு பேர் நிற்கிறோம். கிளவுஸை எண்ணித்தான் தருவார்கள். ஊசி குத்திவிட்டால் என் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? எங்கள் பயத்தைப் போய் பாகுபாடு என்கிறீர்களே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தீண்டாமை என்று நான் எழுதியது சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத்தான். மற்றவர்களுக்கு ஸ்டூல் மேல் தட்டு வைத்த ஆயா, அந்தக் கட்டிலுக்கு மட்டும் தரையில் வைத்துவிட்டுப் போனார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையோடு அந்தப் பெண் குனிந்து எடுத்தார். சோறு போடுகிற இடத்தில் ரத்தம் எங்கே வந்தது? ஆயாவுக்கு விஷயம் தெரிந்ததே அந்த வட்டத்தால்தான். எனக்கும் அப்படித்தான். அந்தப் பெண் என் அம்மாவுக்கென்று உரித்துத் தந்த ஆரஞ்சுச் சுளையை வாங்கி டவலுக்கு அடியில் வைத்தவள் நான். அம்மாதான் கேட்டு வாங்கித் தின்றாள். ஆகவே உங்கள் பயத்தைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

ஆனால் வட்டம் உங்களைக் காப்பாற்றுகிறதா? எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம், ஆயிரத்தில் மூன்று. அவர் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் அடங்கியிருந்தால் இன்னும் குறைவு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு 30 சதவீதம் வரை போகும். தொற்றிய புதிதில் எச்.ஐ.வி. டெஸ்ட் நெகட்டிவ் என்றே காட்டும். நள்ளிரவில் விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கு டெஸ்டே ஆகியிருக்காது. வட்டமில்லாத அந்தக் கட்டில்களில்தான் கை அசந்துபோகும். எல்லார் ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே நினைத்துக் கையாளச் சொல்லித்தானே உங்களுக்குப் படிப்பில் சொல்லித் தந்தார்கள்? 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் காட்டிய ரத்த மாதிரிகளைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்திருந்தார். அன்றைக்கு யாரும் பயந்திருந்தால் நியாயம் உண்டு.

ஆபரேஷன் தியேட்டர் லிஸ்ட்டும் அப்படித்தான். ஒவ்வொரு கேஸுக்கும் பிறகு முறையாகச் சுத்தம் செய்கிற தியேட்டரில் முதல் ஆள், கடைசி ஆள் என்ற கணக்குக்கே இடமில்லை. முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவரைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள்.

கிளவுஸ் பற்றி நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அந்தக் கணக்கை ஸ்டோரில் போய்க் கேட்க வேண்டும்; கட்டிலில் கிடப்பவரிடம் தீர்க்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை மறுக்காதே, சம்மதமில்லாமல் வெளியே சொல்லாதே என்பதை மட்டும்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஊழியருக்குப் பாதுகாப்புச் சாதனம், பயிற்சி, ஊசி குத்திவிட்டால் தடுப்பு மருந்து, இதெல்லாம் நிர்வாகம் தந்தாக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனையில் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அது யாரென்று தெரியுமா?

ஒப்பந்த நர்ஸாக இருந்தால் கேள்வி கேட்டதற்கே வேலை போகும். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கென்ன, எளிதாகச் சொல்லிவிடுவேன். தனியாகப் போகாதீர்கள், நாலைந்து பேராக மேட்ரனிடம் போங்கள். அந்தத் தடுப்பு மாத்திரையை முடிந்தால் சில மணி நேரத்திலேயே, எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம்? கேட்டு எழுதுங்கள். பெயரில்லாமலே வெளியிடுகிறேன்.