அசனத்துக்குக் கொடுத்த அரிசியும் அக்காவுக்குச் சேரவேண்டிய சங்கிலியும்

கேள்வி: "இது அக்காவுக்கு" என்று சொல்லி, அம்மா சாகும் முன் ஐந்து பவுன் சங்கிலியை என்னிடம் கொடுத்துவைத்தார். 2009-இல் கடன் நெருக்கடியில் அதை விற்றுவிட்டேன். அக்கா கேட்டபோது காணவில்லை என்றேன். அம்மாவைக் கவனித்துக்கொண்ட வேலைக்காரம்மாமேல் பழி விழுந்தது, அவரை நிறுத்திவிட்டோம். பிறகு மனந்திரும்பி, அழுது அறிக்கையிட்டேன். ஆலயக் கட்டட நிதிக்கு 25,000 ரூபாய் கொடுத்தேன். வருஷா வருஷம் ஆலயத்தின் பொது விருந்தான அசனத்துக்கு அரிசி மூட்டை கொடுக்கிறேன். உறுத்தல் போகவில்லை. பழைய ஏற்பாட்டில் ஆட்டைப் பலியிட்டவனுக்கு அன்றோடு தீர்ந்தது. இயேசுவின் இரத்தத்தை நம்பும் எனக்கு ஏன் தீரவில்லை? "சிலுவையில் எல்லாம் முடிந்தது, அக்காவிடம் சொல்லாதே" என்கிறார் ஜெபக்குழு நண்பர்.
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரரே, ஆட்டோடு தீர்ந்தது என்கிறீர்களே, உங்களுடையதைப் போன்ற காரியத்தில் அது ஆட்டோடு தீரவில்லை. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை எடுத்துப் பாருங்கள். நம்பி ஒப்படைத்த பொருளை வைத்துக்கொண்டு இல்லையென்று சாதிப்பவனைப் பற்றித்தான் அங்கே பேச்சு. உங்கள் சங்கிலிக்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

லேவியராகமத்தில் பலிகள் பலவகை. அதில் பாவநிவாரணபலியையும் குற்றநிவாரணபலியையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அறியாமல் செய்த பாவத்துக்கானது முதலாவது. அதில் ஆளுக்குத் தக்க அளவு உண்டு: பிரதான ஆசாரியன் தவறினால் காளை, தலைவனுக்கு வெள்ளாட்டுக்கடா, சாதாரண ஜனத்துக்குப் பெண் ஆடு. அதற்கும் வக்கில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம். புறாவுக்கும் வழியில்லையென்றால் எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு, ஏறக்குறைய இரண்டு லிட்டர், போதும். கடவுள் இரத்தத்துக்குத் தாகமாயிருந்தார் என்று சொல்பவர்கள் இந்த மாவை ஏனோ கவனிப்பதில்லை.

குற்றநிவாரணபலி வேறு. பிறர் பொருளில் கைவைத்தவனுக்கு அது. அதற்குப் பழுதற்ற ஆட்டுக்கடா வேண்டும். மாவு, புறா என்ற சலுகை அங்கே சொல்லப்படவில்லை. குஷ்டம் நீங்கிய ஏழைக்குக்கூட மற்றப் பலிகளைப் புறாவாகக் குறைத்த 14-ஆம் அதிகாரம், குற்றநிவாரணத்துக்கான ஆட்டுக்குட்டியை மட்டும் குறைக்கவில்லை. இன்னொருவருக்கு உண்டான நஷ்டம், செய்தவன் ஏழை என்பதற்காகக் குறைந்துவிடுமா?

இனி வரிசையைப் பாருங்கள். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் அதைத் தெளிவாக வைக்கிறது. முதலில் அறிக்கை. அடுத்து எடுத்த பொருளை, அதாவது முதலை, முழுதாக உரியவரிடம் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டவேண்டும். அதற்குமேல்தான் கடா. உரியவர் இறந்து, வாங்கிக்கொள்ள உறவும் இல்லாவிட்டால் மட்டுமே அது ஆசாரியனுக்குப் போகும். அக்கா உயிரோடிருக்கும்போது கட்டட நிதியில் போட்ட 25,000 எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அது காணிக்கை, கடன் அடைத்ததாகாது.

நண்பர் சொல்வதில் பாதி சரி. ஏசாயா 53:10-இல் துன்பப்படும் தாசனுக்கு, அதாவது கிறிஸ்துவென்று நாம் விசுவாசிக்கிறவருக்கு, சொல்லப்பட்ட வார்த்தை இதே குற்றநிவாரணபலிதான். எபிரெயர் 10 சொல்வதுபோல, காளை, வெள்ளாட்டுக்கடா இவற்றின் இரத்தம் பாவத்தை நீக்கமாட்டாது. கிறிஸ்து ஒரேதரம் செலுத்திய பலி நீக்குகிறது. ஆகையால் இனி நீங்கள் கடா தேடவேண்டியதில்லை, ஒரு பைசாவும் கொடுத்து மன்னிப்பை வாங்கவேண்டியதில்லை. ஆனால் சிலுவை நிற்பது அந்தக் கடாவின் இடத்தில். முதலின் இடத்திலோ ஐந்தில் ஒரு பங்கின் இடத்திலோ அல்ல. அக்காவின் சங்கிலி அக்காவுக்கு இன்னும் வரவில்லை என்பதை எந்த ஜெபமும் மாற்றாது.

"திருப்பிக் கொடுத்தால் கிரியையினால், அதாவது நம் செயலால், இரட்சிப்பு என்று ஆகிவிடாதா?" என்று நண்பர் கேட்கலாம். வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டுக்கு இயேசு போனது, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்ன பிறகல்ல, அதற்கு முன்பே. கிருபை முந்தி வந்தது, பணப்பை பிந்தித் திறந்தது. திறக்காமலே இருந்திருந்தால் அந்தக் கதையை லூக்கா எழுதியிருப்பாரா என்பது சந்தேகம்தான். 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெப புத்தகமும், திருவிருந்தாகிய இராப்போஜனத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் பிறருக்குச் செய்த அநியாயத்தை முடிந்தமட்டும் ஈடுசெய்ய ஆயத்தமாயிருக்கவேண்டும் என்றே சொல்கிறது. உங்கள் பக்கத்து சபைகளுக்கு இது புதிதல்ல.

உங்கள் கணக்கு சுலபம். 2009-இல் விற்ற விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள். அப்போதைய விலையைக் கொடுத்தால் இன்று ஐந்து பவுனில் சிறு பகுதிதான் வாங்கமுடியும். அது இரண்டாவது ஏமாற்று. பவுனாகவே கணக்கிடுங்கள்: ஐந்து பவுன், 40 கிராம். ஐந்தில் ஒரு பங்கு ஒரு பவுன். ஆக ஆறு. இந்த ஐந்தில் ஒன்று இன்று கிறிஸ்தவர்கள்மேல் சட்டமாக இல்லை. ஆனாலும் இத்தனை வருஷம் காத்திருந்தவருக்கு அது நியாயமான அளவு. பிடிபட்ட திருடன் இரட்டிப்பாகக் கொடுக்கவேண்டும் என்கிறது யாத்திராகமம் 22. தானாக வந்து சொல்கிறவனுக்கு மோசேயின் நியாயப்பிரமாணம் எவ்வளவு லேசாக வழிவிட்டிருக்கிறது பாருங்கள்.

அக்காவிடம் தனியாக, நேரில் சொல்லுங்கள். சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் அவர் இதை முதன்முதலாகக் கேட்கக்கூடாது. "ஏதாவது தவறு நடந்திருந்தால்" என்று தொடங்கவேண்டாம். "சங்கிலி தொலையவில்லை, நான் விற்றேன், பொய் சொன்னேன்" என்று மூன்றையும் சொல்லுங்கள். கடன் நெருக்கடியை அவர் கேட்டால் மட்டும் சொல்லலாம். வசனம் காட்டி மன்னிக்கச் சொல்லாதீர்கள். அவர் கோபப்பட்டு எழுந்து போனாலும் பவுன் அவருடையதுதான்.

அரிசி மூட்டைக் கணக்கில் நீங்கள் சேர்க்காமல் விட்டவர் ஒருவர் இருக்கிறார், அந்த வேலைக்காரம்மா. அக்கா இழந்தது நகை. அவர் இழந்தது பிழைப்பும் பெயரும். இதற்கு ஐந்தில் ஒரு பங்கு போட வழியில்லை. நிறுத்தியபின் எத்தனை மாதம் வேலையின்றி இருந்தார் என்று கேட்டு, அந்தச் சம்பளத்தையாவது கொடுங்கள். பணம் மட்டும் கொடுத்து அனுப்பினால் வாயடைக்கக் கொடுத்ததாகவே தோன்றும். அக்காவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். அன்று யார் யார் முன்னால் அவர்மேல் பழி சொன்னீர்களோ, அவர்கள் காதுபடவே "இவர் எடுக்கவில்லை, நான் எடுத்தேன்" என்று சொல்லவேண்டும். அவர் இறந்திருந்தால் அவருடைய பிள்ளைகளிடம்.

ஆறு பவுனும் ஒரேயடியாக முடியாதென்றால் தவணை சொல்லுங்கள். முதல் பவுனைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். மீதிக்குத் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுங்கள். அது முடியும்வரை அசன அரிசியை நிறுத்திவைத்தால் ஆயர் வருத்தப்படமாட்டார்.