செதுக்கிய பலாக்கட்டை வெடித்தால் மரக்காலைக்குப் பொறுப்பில்லையா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பல்கலைக்கழகம் போய்க் காண்பியக்கலை படிக்கிறேன். விடுமுறையில் சிலை செதுக்க, டவுன் மரக்காலை ஒன்றில் பலாக்கட்டை வாங்கினேன். சிலைக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். "நல்லா காய்ஞ்சது, பயப்படாதீங்க" என்றார்கள். முகம் செதுக்கி முடிக்கும் நேரம் உச்சியிலிருந்து நெஞ்சு வரை வெடித்துவிட்டது. போய்க் கேட்டால், மரம் என்றால் வெடிக்கத்தான் செய்யும் என்கிறார்கள். காசு திரும்பக் கிடைக்குமா? இந்தக் கட்டையை வைத்து அச்சுப் படமாவது எடுக்கலாமா?

பதில்: கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. பற்றுச்சீட்டு தரவில்லை என்றால் இப்போதாவது கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்கிறது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் (2003, இலக்கம் 9). அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வதானால் வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். விபரம் கேட்க 1977 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள்.

ஆனால் முதலில் மரக்காலைக்கே இன்னொரு முறை போய், காசுக்குப் பதில் காய்ந்த பலகையாகக் கேளுங்கள். பாதி செதுக்கிய கட்டைக்கு முழுக் காசு வாங்குவது கஷ்டம். மாற்று மரம் என்றால் அவர்களும் இறங்கி வருவார்கள், உங்கள் வேலையும் நிற்காது.

"வெடிக்கத்தான் செய்யும்" என்பது பாதிதான் உண்மை. காயும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வெட்டுமுகத்தில் தெரியும் வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் நடுத்தண்டோடு சேர்ந்த முழு உருளைக்கட்டை எங்காவது பிளந்துதான் தீரும். நடுத்தண்டு இல்லாமல் பிளந்தெடுத்த துண்டு அவ்வளவு வெடிக்காது. இது மரக்காலைக்காரருக்குத் தெரியாத விஷயமல்ல, சிலைக்கு என்று கேட்டவரிடம் சொல்லியிருக்க வேண்டும். காற்றில் காய ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுக் கணக்கு. நம் மலை மழையிலும் பனியிலும் அதற்கும் மேலாகும். ஆகவே ஆறு அங்குலக் கட்டையை யார் "காய்ந்தது" என்றாலும், எத்தனை வருடம் கூரைக்குள் கிடந்தது என்று கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு வெட்டுமுகங்களிலும் மெழுகோ பெயின்டோ தடவுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்ற பிறகு உளியை எடுங்கள். அவசரப்பட்டு அடுப்புக்கு மேல் பரணில் போடாதீர்கள், சூட்டில் இன்னும் சீக்கிரம் பிளக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் புது மரமே தேடமாட்டேன். பழைய வீடு பிரிக்கும் இடங்களில் வரும் கைமரம், கதவுநிலை எல்லாம் பல வருடம் காய்ந்தவை. ஆணி இருக்கிறதா என்று மட்டும் நன்றாகப் பாருங்கள். கனம் போதாவிட்டால் இரண்டு மூன்றை ஒட்டிக்கொள்ளலாம்.

அச்சு தாராளமாக எடுக்கலாம். வெடித்த கட்டையின் பக்கவாட்டில், நார் ஓடும் திசையில் ஒரு பலகை அறுத்து இழைத்து, அதில் படத்தைச் செதுக்கி மை தடவுங்கள். செதுக்காமல் விட்ட மேட்டில்தான் மை ஒட்டும். அதனால் வெடிப்பு தாளில் வெள்ளைக் கோடாக விழும். அதை ஒளிக்காமல் படத்துக்குள் சேர்த்துக்கொண்டால், கடையில் வாங்கிய புதுப் பலகையில் கிடைக்காத ஒரு கோடு உங்களுக்குக் கிடைக்கும். பலாவின் நார் பெரியது. நுணுக்கமான கோடுகள் உதிரும், அகன்ற வடிவங்கள் நன்றாக வரும். நுணுக்கம் வேண்டுமென்றால் மெல்லிய பிளைவுட். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை எங்காவது கிடந்தால் அதையும் விடாதீர்கள், அதுவும் பிளைவுட்தான். பிரஸ் மெஷின் வாங்கப் போகாதீர்கள். மெல்லிய தாளை மேலே வைத்து மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தாலே நல்ல அச்சு விழும். மைக்கு டவுனில் உள்ள அச்சகத்தில் கொஞ்சம் ஒப்செட் மை கேட்டுப் பாருங்கள். தண்ணீர் மை கரண்டியால் தேய்த்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

கேள்வி: மகள் உயர்தரத்தில் சித்திரம் எடுத்திருக்கிறாள். ஒன்லைனில் பன்னிரண்டு உளி செட் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: வேண்டாம். மலிவு செட்டுகளில் பெரும்பாலும் இரும்பு மென்மையாக இருக்கும், கூர் நிற்காது. மொட்டை உளியை பிள்ளை பலமாக அழுத்துவாள், அப்போதுதான் வழுக்கிக் கையை வெட்டும். ஒரு வளைந்த உளி, ஒரு 'வி' உளி, ஒரு நேர்க்கத்தி போதும். மூன்றையும் கடையில் கையில் எடுத்துப் பார்த்து, நல்ல உருக்கில் வாங்கிக் கொடுங்கள். மிச்சக் காசில் ஒரு எண்ணெய்க்கல் வாங்குங்கள். தீட்டுவதற்கு ஊர்த் தச்சர் யாரிடமாவது ஒரு பின்னேரம் அனுப்பிப் பழக்குங்கள்.