பினாயில் வாசனை

அக்காவுக்கு வணக்கம்,

திருமங்கலத்தில் இருக்கிறேன். ப்ளஸ் டூவில் காமர்ஸ். வீட்டில் ஐந்து பூனைகள், எனக்கு உயிர். மதுரையில் ஒரு பெட் கிளினிக்கில் உதவியாளர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "படிக்காமல் போனால் தரை துடைக்கத்தான் விடுவார்கள்" என்கிறார் அப்பா. ஏதாவது கோர்ஸ் முடித்துவிட்டுப் போகட்டுமா?

ம.

அன்புள்ள ம.,

அப்பா சொன்னது சரி. தரைதான் துடைக்க விடுவார்கள். அதை ஏதோ தண்டனை மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இந்தப் பதில். பினாயிலைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே ஓடிக்கொண்டிருந்தது.

கோர்ஸ் கதையை முடித்துவிடுகிறேன். கால்நடை மருத்துவப் பட்டம் ஐந்தரை வருஷம்; ப்ளஸ் டூவில் உயிரியல் இல்லாமல் அங்கே நுழைய முடியாது. மூன்று மாதச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்க்கவும் முடியாது. 1984ஆம் வருஷத்துச் சட்டப்படி அது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. காசைக் கட்டி ஏமாறாதீர்கள்.

இனி தரை. நம் ஊரில் பினாயில் மணந்தால்தான் சுத்தம். பூனை வருகிற இடத்தில் அந்த மணமே ஆபத்து. கறுப்பு பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைச் சரக்கை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. வெள்ளை பினாயிலில் பைன் எண்ணெய் இருக்கும், அதுவும் ஆகாது. ஈரத் தரையில் நடந்த பூனை, கூண்டுக்குள் போனதும் பாதத்தை நக்கும். அப்புறம் எச்சில் வடியும், நாக்கு புண்ணாகும், நடை தள்ளாடும்.

சரி, கிருமியாவது சாகிறதா? குட்டிகளை வாந்தியும் பேதியுமாக ஓரிரு நாளில் கொண்டுபோகிற பான்லூகோபீனியா வைரஸ் பினாயிலுக்கு அசையாது. தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில், ஒரு வருஷம்கூட, உயிரோடு கிடக்கும்.

அதற்குப் பிளீச்சிங் திரவம் வேண்டும். 5 சதவீதத் திரவத்தில் 30 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு. முதலில் மலத்தையும் வாந்தியையும் காகிதத்தால் வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகே பிளீச். பத்து நிமிஷம் தரை ஈரமாகவே இருக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்த பின்தான் பூனையை விட வேண்டும்.

இதைக் கெடுப்பதும் சுலபம். அழுக்கின் மேலேயே ஊற்றினால் பிளீச்சின் வீரியம் அந்த அழுக்கிலேயே தீர்ந்துபோகும். மூத்திரத்தின் மேல் ஊற்றினால் கண்ணை எரிக்கும் வாயு கிளம்பும். காலையில் கலந்த வாளியைச் சித்திரை வெயிலில் வைத்துவிட்டுச் சாயங்காலம் எடுத்தால் அதில் பாதி வெறும் தண்ணீர். "எதற்கும் இருக்கட்டும்" என்று பினாயிலையும் சேர்த்து ஊற்றுகிற கை ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். தொற்றுநோய்க் கூண்டுகளுக்குத் தனித் துடைப்பான், தனி வாளி.

பூனையைத் துண்டில் சுற்றிப் பிடிப்பது எப்படி, ஊசிக்குக் காலை எப்படி நீட்டுவது என்பதெல்லாம் டாக்டர் பக்கத்தில் நின்றால் தானாக வரும். யாரும் நின்று சொல்லித் தராத வேலை தரைதான்.

பூனை உயிர் என்கிறீர்கள். அந்த ஐந்துக்கும் தடுப்பூசி போட்டாயிற்றா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, தாயி! நீங்கள் வேலைக்குப் போனால் அந்தப் பான்லூகோபீனியா வைரஸ் உங்கள் செருப்பிலும் சுடிதாரிலும் ஏறி, பஸ் பிடித்துத் திருமங்கலம் வந்து சேரும். கைக்குப் பூசும் சானிடைசருக்கும் அது சாகாது. கிளினிக் செருப்பு கிளினிக்கிலேயே கிடக்கட்டும். உடுப்பை அங்கேயே மாற்றுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

வளர்ந்த பூனைகளுக்கு மூன்று, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. குட்டி இருந்தால் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை அதே இடைவெளியில் போட வேண்டும். உங்களுக்கு ரேபிஸ் தடுப்பூசி மூன்று: முதல் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்று அல்லது இருபத்தெட்டாம் நாள். குட்டி இல்லையென்றால் ஆறு பேருக்கும் முடிய ஒரு மாதம் ஆகும். அடுத்த மாதம் சேர்கிறேன் என்று அங்கே சொல்லிவிடுங்கள்.