குச்சியில் குறையா, கேனில் குறையா?

கேள்வி: ஜெர்சி கலப்புப் பசு, இரண்டாம் ஈத்து. கன்று போட்டு ஏழு மாதம் ஆகிறது. நான்கு சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டும் சினை நிற்கவில்லை, 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்து கத்துகிறது. அப்போது வடியும் வழும்பு கண்ணாடி போலத்தான் இருக்கிறது. விடியற்காலையில் கத்தினால் எட்டு மணிக்குள் ஆளை வரவழைத்துப் போட்டுவிடுகிறேன். விந்து செத்துக் கிடக்குமோ? எங்கே சோதிப்பது? தீவனக் கடைக்காரர் 'சினை டானிக்' கொடுக்கச் சொல்கிறார்.
தாராபுரம் பக்கத்து விவசாயி

பதில்: சோதிக்கலாம். உருக்கிய விந்தில் ஒரு சொட்டை வெதுவெதுப்பான கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பாதி விந்தணுக்களாவது முன்னோக்கி நீந்த வேண்டும். விந்தை அடைத்து உறைய வைத்த 0.25 மில்லி குச்சிக்குள் சுமார் 2 கோடி அணுக்கள் இருக்கும். இதில் தேறாததை உறைவிந்து நிலையத்திலேயே கழித்துவிடுவார்கள். குச்சியின் மேல் காளை எண்ணும் தேதியும் அச்சாகியிருக்கும், குறித்து வையுங்கள். அதே தேதிக் குச்சியில் பக்கத்துத் தோட்டத்து மாடு சினை நின்றிருந்தால் காளையைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நிலையத்தில் தேறிய குச்சி உங்கள் கட்டுத்தரை வரைக்கும் உயிரோடு வந்ததா? எனக்குச் சந்தேகமெல்லாம் குச்சிகளைத் திரவ நைட்ரஜனில் மூழ்க வைத்திருக்கும் கேன் மேல்தான். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. எண் படிக்கிறேன் என்று குச்சிகள் இருக்கும் குவளையைக் கேனின் கழுத்துக்கு மேல் தூக்கிப் பிடித்தால் அணு அடிபட்டுவிடும். திரும்ப உள்ளே முக்கினாலும் அந்தச் சேதம் ஆறாது. போன சித்திரையில் ஒரு தோட்டத்தில் பார்த்தேன். குச்சியை எடுத்தவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாட்டைப் பிடிக்க ஆள் தேடிப் போனார்! 37 டிகிரி தண்ணீரில் 30 விநாடி வைத்து உருக்கி, ஈரம் துடைத்து, உடனே போட வேண்டியது அது. தெர்மாமீட்டரை நீங்களே வாங்கி வையுங்கள். ஊசி போட வருபவரிடம், கேனுக்குள் அளவுகோலை விட்டு எடுத்து ஆட்டச் சொல்லுங்கள், வெள்ளையாகப் பனி படிந்த உயரம்தான் நைட்ரஜன் மட்டம். முகம் சுளித்தால் சுளிக்கட்டும், மாடு உங்களுடையது.

அப்புறம், நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று. விடியற்காலை கத்திய மாட்டுக்கு எட்டு மணிக்கே ஊசி எதற்கு? கத்தல் அடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டையே வெளிவரும். காலையில் கத்தினால் அன்று சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலை. உங்கள் நான்கு ஊசியும் அவசரத்தில் போனவை என்றே நினைக்கிறேன். ஆனாலும் நான்கு முறை தவறிய மாடு, அடுத்த ஊசிக்கு முன் கால்நடை மருத்துவர் கருப்பையையும் சினைப்பையையும் ஒருமுறை பார்க்கட்டும்.

டானிக்கா? கடைக்காரருக்குத்தான் அதில் லாபம். அந்தக் காசுக்குத் தாது உப்பு வாங்கித் தினம் தவிட்டில் கலந்து போடுங்கள். அடுத்த முறை கத்தும்போது எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு ஊசி போட்டீர்கள் என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.